சாவி சோதிப்பவர் ஆப்சென்ட்

கடன்பட்டவர்கள் நாற்பது பேரா, நாற்பத்தொன்றா என்பது எனக்கே இப்போது குழப்பம். வருடமும் சரியாக நினைவில்லை. ஆனால் பூட்டுத் தொழிற்சாலையில் சாவி சோதிப்பவரிடம் கைமாற்று வாங்கிய எவருக்கும் மறுநாள் முதல் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், குரலும் கேட்காது என்பதில் சந்தேகமே இல்லை. ஆறு வருடத்தில் கிட்டத்தட்ட பட்டறை மொத்தத்துக்கும் மறைந்துபோனார். அவர்பாட்டுக்கு ஒவ்வொரு பூட்டிலும் சாவியை மூன்று தடவை திருப்பிப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பூட்டுகள் தாமாக நகர்ந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டில் அவர் மடிமீது உட்கார்ந்தவர்கள்கூட பெஞ்சு மேடாக இருக்கிறது என்றுதான் குறைப்பட்டார்கள்.

சூப்பர்வைசர் யாரிடமும் கை நீட்டாதவர். ஒரு மழைநாளில் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் அவரும் ஒரு பத்து வாங்கினார். மறுநாள் பதிவேட்டில் சாவி சோதிப்பவர் ஆப்சென்ட். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. இனி வாடகை வராவிட்டால் பூட்டிவிடுவேன் என்று வீட்டுக்காரர் காட்டிவிட்டுப் போன புதுப் பூட்டில் இவர் போட்ட கோடே இருந்தது.

"உனக்கு மட்டும் நான் எப்படித் தெரியறேன்?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் என்னைக்கு உங்ககிட்ட கடன் வாங்கினேன்? பிடுங்கிக்கறேன். அதோட முடிஞ்சுடுது."

பட்டறை பெருக்கும் அம்மாள் வட்டிக்கு விடுகிறவள், வாங்குகிறவள் அல்ல. அவளுக்கும் இவர் தெரிந்தார். அவளையே தூது அனுப்பினார்.

"அந்தப் பத்தைக் குடுத்துடுங்க சார்."

"மாட்டேன்னா சொன்னேன்? ஆளு வரட்டும். முகத்தைப் பாத்துக் குடுத்தாத்தாம்மா மரியாதை."

"உங்க மூக்குக்கு நேராத்தான் நிக்கறார்."

"அப்ப வாயைத் திறந்து கேக்கச் சொல்லு."

மூன்றாம் மாதச் சம்பள நாளன்று, சாவி சோதிப்பவருக்கு மனைவியின் வழிதான் மேல் என்று பட்டது. சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இரண்டு விரலை விட்டு ஒரே ஒரு பத்தை உருவினார். தாள் வெளியே வந்ததும் ஆளும் தெரிந்தார்.

சூப்பர்வைசர் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கய்யா போயிருந்தே மூணு மாசமா? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

அவர் பதிவேட்டைத் திருத்தியதும் மூன்று மாதச் சம்பளமும் மொத்தமாக வந்தது. வாடகை போக மிச்சத்தை மனைவி பிடுங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் அதன்பின் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாத நாட்களில் நடந்தே போனார். பெருக்கும் அம்மாள் சொந்த வீடு கட்டினாள். மற்றவர்களின் பைகளில் சாவி சோதிப்பவர் கை வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதவரிடம் யாரும் கடன் கேட்பதில்லை என்பதால், ஓய்வு பெறும்வரை நிம்மதியாக வேலை பார்த்தார்.