பாஷா குடித்த காப்பி

என் புருஷன் கலஃப், ராணுவத்தில் இருந்த இருபத்தாறு வருஷமும் எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. ஆள் இருந்தால்தானே சண்டை வர. வியாழக்கிழமை வருவார், சனிக்கிழமை பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுவார். கூரை ஒழுகினாலும் நான்தான், மாமியாரைக் கரக் டவுன் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினாலும் நான்தான்.

ஓய்வு பெற்று வந்தபோது ஒரு சுவர்க்கடிகாரமும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயமும் கொண்டுவந்தார். அதோடு ஆரம்பித்தது கூத்து. விடியுமுன் எழுந்து முகம் மழித்து, பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். போக இடம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஃபிரிட்ஜின் தலையில் விரலால் தடவிப் பார்த்து, அந்த விரலை என்னிடம் காட்டுவார்.

"அபூ தாமிர், இது பாசறை இல்ல, என் அடுப்படி. இன்னொரு தடவ அந்த விரல நீட்டினீங்கன்னா ரொட்டியோட சேத்து வாட்டிருவேன்" என்பேன். தாமிரின் வாப்பா என்று, மகன் பேரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவது. சிரிக்கத் தெரியாத மனுஷன். கேடயத்தை எடுத்துத் துடைக்கப் போய்விடுவார்.

ரொட்டிக்கடையில் ஆட்கள் முண்டியடித்தபோது "வரிசையில நில்லுங்கடா" என்று கத்தியிருக்கிறார். கடைக்காரன் ஸுவைலிம் மாவுக்கையோடு ஒரு சல்யூட் வைத்து, "தளபதி வந்துட்டார், எல்லாரும் ஒதுங்குங்க. எந்த நாட்டு மேல படையெடுக்கணும், சொல்லுங்க" என்றானாம். அன்றிலிருந்து ரொட்டி வாங்க நான்தான் போகிறேன்.

அவர் பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். ஹாயில் பாஷா. பெரிய ராணுவ அதிகாரிகளைப் பாஷா என்பதுதான் எங்கள் வழக்கம். பிரிகேடியராக இருந்து ஓய்வு பெற்றவர், இவருக்குப் பல வருஷம் மேலதிகாரி. "பாஷா என்னை மகன்னுதான் கூப்பிடுவார்" என்று சொல்லாத நாள் இல்லை. எங்கள் மகன் தாமிருக்கு ஒரு வேலை கேட்கலாம் என்று ஒரு டின் நெய்யோடு தலைநகர் அம்மானில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனார். வாசல் காவலாளி, அவனும் பழைய சிப்பாய்தான், "பாஷா தூங்குறார்" என்றான். இவர் வெயிலில் நின்றார். பாஷா எழுந்திருக்கவேயில்லை. நெய்யைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, "அவருக்கு ஆயிரம் வேலை" என்றார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. கான்டிராக்டர் மகன் ஒருத்தன், போனைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டியவன், பஸ்ஸுக்காக ஓரமாக நின்றிருந்த என் தாமிரை இடித்துச் சுவரோடு சேர்த்து நசுக்கினான். இடதுகாலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயசு. கல்யாண வீட்டில் தப்கே ஆட்டத்துக்குக் கைகோத்தால் முதல் ஆளாக நின்று வரிசையை இழுத்துக்கொண்டு போனவன்.

கேஸ் கோர்ட்டில் இருந்தது. பணக்காரன் கோர்ட்டுக்கா நிற்பான்? பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு சமாதானத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே முறைதான். வந்தவர்களில் தலைவர் காப்பியை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் கை வைப்பார். வீட்டுக்காரன் "குடிங்க" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. கேஸும் போச்சு, உரிமையும் போச்சு. அத்தனை பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க எந்த ஆம்பிளைக்கும் வாய் கிடையாது.

அதனால் முந்தின நாளே பேசி வைத்தோம். என் புருஷனின் பெரியப்பா மகன் ஹாஜி ஃபலாஹ்தான் எங்கள் பக்கத்துக்குப் பேசுவார். தாமிருக்கு அம்மானில் நல்ல செயற்கைக்கால், நடக்கிறவரைக்கும் வைத்தியம், இதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டால்தான் காப்பி.

"நீங்க வாயத் திறக்கக் கூடாது. உங்க மகன் மேல ஆணை" என்றேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? எத்தனை எல்லையில காவல் நின்னவன், ஒரு காப்பிக் கோப்பையக் காக்க மாட்டேனா" என்றார். கட்டிலில் கிடந்த தாமிரின் தலையைத் தடவி, "கால் வராம காப்பி கிடையாதுடா" என்றார். தாமிர் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் முழு ரொட்டி சாப்பிட்டான்.

மறுநாள் கார்கள் வந்தன. அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். முதல் காரிலிருந்து தங்கப் பிடி போட்ட கைத்தடியோடு ஒருவர் இறங்கினார். என் புருஷன் கை தானாகப் போய்க் கழுத்துப் பொத்தானை மாட்டியது. அதைப் பார்த்ததும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாயில் பாஷா. அந்தக் கான்டிராக்டர் ஊரெல்லாம் விசாரித்துச் சரியான சாவியைத்தான் கொண்டுவந்திருக்கிறான்.

முற்றத்துப் பந்தலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் வறுத்து, இடித்து, ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய காப்பி. பாஷா கோப்பையை வாங்கி முன்னால் வைத்தார். விதியைப் பற்றி, பொறுமையைப் பற்றி அழகாகப் பேசினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹாஜி ஃபலாஹ் தொண்டையைச் செருமி, "பாஷா, வந்தது எங்களுக்குப் பெருமை. ஆனா எங்க பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

பாஷா கையைக் காட்டி நிறுத்தினார். "ஹாஜி, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் இந்த வீட்டுக்காரனுக்கும் நடுவுல யாரும் வேணாம். இவன் என் மகன், என் கையில வளந்தவன்." பிறகு என் புருஷன் பக்கம் திரும்பினார். "என்ன கலீல், காப்பி ஆறுது. குடிக்கட்டுமா?"

கலீல். என் புருஷன் பேர் கலஃப். பேர்கூடத் தெரியாத மனுஷனுக்கா இத்தனை வருஷம் உயிரை விட்டார் என்று நான் நினைத்து முடிக்குமுன், இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குதிகால் ரெண்டும் ஒட்டி நின்றன. நெஞ்சு முன்னே வந்தது.

"உத்தரவு, பாஷா. குடிங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாஜி ஃபலாஹ் தலையைத் தொங்கப் போட்டார். பந்தலில் இருந்த எல்லாரும் கோப்பையை எடுத்தார்கள். "அல்லாஹ் உங்க முகத்த வெளிச்சமாக்கட்டும், அபூ தாமிர்" என்று ஆளுக்காள் வாழ்த்தினார்கள். கான்டிராக்டர் எழுந்து வந்து இவர் தலையில் முத்தம் கொடுத்தான். பாஷா ஒரு வாய் குடித்தார், மீதியை வைத்துவிட்டார். வேறெங்கேயோ விருந்தாம். போகும்போது என் புருஷன் கன்னத்தில் ரெண்டு தட்டு தட்டினார். இவர் முகம் மலர்ந்தது. அதையும் நான் பார்த்தேன். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, இனியும் வராது.

கார்கள் போனபிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. பந்தலில் தனியாக நின்றார். நான் வெளியே போனேன்.

"என்ன செஞ்சிட்டு நிக்கிறீங்க, தெரியுதா?"

"வாயில தானா வந்துருச்சு ஃபித்தா. அவர் கேட்டார்... வாயில தானா வந்துருச்சு."

"மகன் கேட்டா வராது. நான் கேட்டா வராது. அவன் கேட்டா மட்டும் வரும்."

"நான் நாளைக்கே அம்மானுக்குப் போயி பாஷாகிட்ட..."

"போங்க. தூங்கிட்டிருப்பார்."

அவர் மெதுவாக உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தாமிர் கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். வாப்பா வாசலில் வந்து நின்றதும் ஊன்றுகோல்களை எடுத்தான், கஷ்டப்பட்டு எழுந்தான். எழுந்தவன் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்றான். கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

"உத்தரவு, பாஷா" என்றான். "நிக்கட்டுமா, உக்காரட்டுமா?"

அவன் கால் நடுங்கியது. என் புருஷன் கையும் பழக்கதோஷத்தில் பதில் சல்யூட்டுக்குக் கிளம்பியது. நெஞ்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. பட்டாளத்தையே ஒரு சத்தத்தில் உட்கார வைத்தவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், வாயைத் திறந்தார். ஒரு சொல் வரவில்லை.

நான்தான் போய் மகனைப் பிடித்து உட்கார வைத்தேன்.