இதுல எலாஸ்டிக் உண்டா?

ராஜபாளையத்தில் சங்கரலிங்கம் என்று கேட்டால் யோசிப்பார்கள். 'எலாஸ்டிக்' என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

எண்பத்துமூன்றில் அவர், நாடா முடிச்சோடு மல்லுக்கட்டும் பெண்குலத்தை விடுவிக்கவென்றே எலாஸ்டிக் வைத்த உள்பாவாடையைத் தைத்து இறக்கினார். அதை உடுத்திக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனவர்களில் பாதிப் பேர், கூட்டத்தில் நசுங்கி, எலாஸ்டிக் இளகி, ஒரு கையை இடுப்பைவிட்டு எடுக்க முடியாமல் நின்றார்கள். ஆண்டாளுக்கு அந்த வருஷம் ஒற்றைக்கைக் கும்பிடுதான்.

அதற்குப் பிறகும் அவருடைய ஆறு தையல் மெஷினும் ஓடின என்றால், கருத்தம்மா பழையபடி நாடாப் பாவாடையை வெட்டிக்கொண்டே இருந்ததால்தான். வெட்டு மேசையும் கத்திரியும் அவள் வசம். முதலாளி கனவு காண்பார். அவள் துணியை அளப்பாள். இப்படியே நாலு வருஷம் போயிற்று.

எண்பத்தேழில் அவர் மதுரைக்குப் போய் நைட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

முதலில் நாற்பது தைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த உப்பிலியிடம் கொடுத்தார். போகவில்லை. கழுத்தில் லேஸ் வைத்தார். போகவில்லை. கையைச் சுருக்கினார், கீழே கொசுவம் வைத்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாதம் ஒரு தடவை பஸ் ஏறினார்.

"ஓய், ஆறு மாசமா தொங்கறது," என்றார் உப்பிலி. "நேத்து ஒரு மாமி வந்தா. தொட்டுப் பாத்தா. நானும் ஆசையா எழுந்து நின்னேன். 'தலகாணி உறையை ஏன் இவ்வளவு நீளமா தைக்கறேள்'னு கேட்டுட்டுப் போய்ட்டா."

வேறு ஆளாயிருந்தால் விட்டிருப்பார். சங்கரலிங்கமோ, கொஞ்சமாகச் செய்ததுதான் தப்பு என்ற முடிவோடு ஊர் திரும்பினார். தீபாவளிக்கென்று ஆறு சிப்பம் பூப்போட்ட துணி வந்து இறங்கியிருந்தது. பாவாடைக்கு வாங்கியது.

"கருத்தம்மா, ஆறையும் நைட்டிக்கு வெட்டு."

அவள் கத்திரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மாட்டேன் அண்ணாச்சி."

"விடாம செஞ்சாத்தான ஜெயிக்க முடியும்? எறும்பு ஊர..."

"ஊரட்டும். எந்தக் கல்லுன்னு பாத்துல்லா ஊரணும்? நீங்க ஆறு மாசமா லேஸ மாத்துறீக, கைய மாத்துறீக. ஏன் வாங்கலேன்னு ஒரு பொம்பளகிட்டயாவது கேட்டீகளா?"

அவர் மேசையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

"ராத்திரி இருட்டுல எவ பாக்கா? கிழிஞ்ச சேலையே போதும். பகல்ல போடலாம்னா கூச்சமா இருக்கு. இது தீபாவளிக்குப் போகலேன்னா தை மாசம் நம்ம ஆறு மெஷினுக்கும் வேலை இல்ல. இருளம்மா வீட்டுல இந்த மெஷின் ஓடுனாத்தான் உலை கொதிக்கும். ஒங்களுக்கென்ன, இன்னொரு பட்டப்பேரு. அம்புட்டுத்தான்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மெஷினில் இருந்த இருளம்மா நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"சரி, என்னதான் செய்யச் சொல்லுதே?"

"மொதல்ல மதினி போட்டுக்கிட்டுக் காலைல தண்ணிக் குழாய்க்கு வரட்டும். பொறவு வெட்டுதேன்."

சங்கரலிங்கம் வீட்டுக்கு நடந்தே போனார். எலாஸ்டிக் பாவாடையையும் அவர் தன் மனைவி பரிபூரணத்துக்குக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துணிச்சல் துணிச்சல் என்று இத்தனை நாள் மார்தட்டியதெல்லாம் அடுத்தவர் இடுப்பில் வைத்துப் பார்த்த துணிச்சல். விடாமுயற்சியோ, யாரும் திறக்காத கதவை விதவிதமான லேஸால் தட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது, ரசத்தைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பரிபூரணம் கரண்டியை வைத்தாள்.

"ஆறு மாசமா, கடைக்குக் குடுத்தது போக மிச்ச நைட்டி மூட்டை என் கட்டிலுக்கடியில கெடக்கு. போட்டுப் பாரேன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா போட்டிருப்பியா?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன். ஏன் மாட்டேன்னும் சொல்லியிருப்பேன்ல?"

மறுநாள் விடிந்ததும் அவள் நீலப்பூ நைட்டியில், இடுப்பில் குடத்தோடு வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். எதிரே தெருக்குழாயில் பத்துப் பதினைந்து பேர் வரிசை. நடுவில் கருத்தம்மா, சாட்சிக்கு வந்தவளைப் போல.

"ஏலலைங்க. முந்தானை இல்லாம எப்படி நிக்க?"

"வேண்டாம்னா உள்ள வா," என்றார். மெய்யாகவே சொன்னார். "நாடாவே வச்சுப் பொழச்சுக்கிடுவோம்."

அவள் கையை நீட்டி, கல்யாணத்தன்றுகூட அவர் தோளைவிட்டு இறங்காத துண்டை உருவி, இரண்டு தோளிலும் பரப்பிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

குழாயடியில் எல்லாரும் திரும்பினார்கள். நீலப்பூவைக் கழுத்திலிருந்து கால்வரை பார்த்தார்கள். துண்டைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி கேட்டாள்:

"மதினி, இதுல எலாஸ்டிக் உண்டா?"

"இல்லட்டி. கழண்டு விழுந்தா மொத்தமாத்தான் விழணும்."

சிரிப்பு அடங்கச் செத்த நேரமாயிற்று. குடம் நிரம்பி வழிவதை யாரும் கவனிக்கவில்லை. கேட்டவளே குனிந்து கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தாள். "குனிஞ்சு நிமிர லேசாத்தான் இருக்கும் போல. துண்டும் சேத்துத் தருவாகளா?"

கருத்தம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு சங்கரலிங்கத்திடம் வந்தாள். "ரெண்டு சிப்பம் நைட்டிக்கு வெட்டுதேன். நாலு பாவாடைக்கு. ஓரத்துல விழுற துணியில துண்டு போட்டுக்கிடலாம்."

"மூணா வெட்டேன்."

"ரெண்டு."

"ஒனக்கு நம்பிக்கை வரலையா?"

"வந்ததுனாலதான் ரெண்டு. வராட்டி ஒண்ணுகூட வெட்டமாட்டேன்."

அவருக்குக் கண்ணில் என்னமோ பட்டதுபோல் இருந்தது. துடைக்கலாமென்று தோளைத் தடவினார். துண்டு குழாயடியில் இருந்தது. சுற்றி ஐந்தாறு பெண்கள் அதை எப்படிப் போடுவதென்று பரிபூரணத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெறுந்தோளோடு தெருவில் நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் உள்ளே போகாமல் அப்படியே நின்றார்.