பாட்டில் ஏத்தாதீங்க

என் தம்பி பெண்டாட்டி ஜெயசுதாவுக்கு மறுநாள் வளைகாப்பு. ஏழாம் மாதம். ஜெயங்கொண்டத்திலிருந்து வளையல் பெட்டியோடு நான் தா.பழூர் வந்து இறங்கினால் வீட்டில் யாரும் இல்லை. பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்தான், "வாந்தி நிக்கலன்னு கிளினிக்குக்கு அழைச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். கம்பவுண்டர் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு, சுதாவின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் அம்மா செல்வம்மாள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம். வெறும் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரை யாரும் மதிக்கமாட்டார்கள்.

"ரெண்டு பாட்டில் ஏத்திட்டா நாளைக்குத் தெம்பா மணையில உக்காந்துடுவா" என்றாள் அம்மா.

சுதா கண்ணைத் திறந்து, "தண்ணி குடுங்க அண்ணி" என்றாள். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. படுத்துக் கிடந்தவளுக்கு ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. குனிந்து பார்த்தேன். மூச்சில் அழுகின பழ வாடை.

வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்ப்பதுதான் என் வேலை. சுகர் எக்கச்சக்கமாக ஏறினால் வரும் இந்த வாடையை ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை முகர்ந்திருக்கிறேன். அந்த ஆள் பிழைக்கவில்லை.

நான்கு நாளைக்கு முன்னால் சுதா எனக்கு போன் பண்ணியிருந்தாள். தாகம் அடங்கவில்லை, பத்து தடவை பாத்ரூம் போகிறேன் என்றாள். "போன மாசந்தானே சுகர் பாத்து நார்மல்னு அட்டையில எழுதினாங்க? எல்லாம் வெயிலு. ஜூஸ் குடி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சுகர் பார்க்கிறவள் வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன யோசனை இது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பாட்டில் ஏத்தாதீங்க" என்றேன் கம்பவுண்டரிடம்.

"வாந்தி எடுத்து எடுத்து உடம்பு வத்திப்போச்சும்மா."

"மொதல்ல சுகர் பாக்கணும்."

"அதெல்லாம் போன மாசமே பாத்தாச்சு. அட்டைய பாருங்க."

"அட்டையில இருக்கறது போன மாசத்து ரத்தம். எனக்கு இன்னைக்கு ரத்தம் வேணும்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நல்ல நாளும் அதுவுமா வியாதியப் பத்திப் பேசாதடி. அவங்க வூட்டுல யாருக்கும் சுகர் கெடையாது."

அவள் கையை உதறினேன். அம்மாவை அப்படி நான் உதறியதே இல்லை. பையிலிருந்த மெஷினை எடுத்து, சுதாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தேன். ஐந்நூற்று முப்பத்தெட்டு.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். பாட்டிலைக் கழற்றினார். 108-க்கும் அவரே போன் போட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைத் திட்டாமல் விட்டேன்.

ஆம்புலன்சில், "புள்ள அசையுதா?" என்று கேட்டேன்.

"காலையிலேருந்து இல்லண்ணி" என்றாள் சுதா. எதிரே இருந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒருவர், வந்த உடனே எல்லாவற்றையும் பார்த்தார். கர்ப்பத்தில் மெல்ல மெல்ல வரும் சர்க்கரை இல்லையாம் இது. எங்கோ ஒருத்திக்கு, நாலைந்து நாளிலேயே உடம்பில் இன்சுலின் சுரப்பது அடியோடு நின்றுவிடுமாம். ரத்தம் அமிலமாகியிருந்தது. பிள்ளைக்குத் துடிப்பு இருந்தது, ஆனால் தடுமாறியது.

தம்பி இளவரசன் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையிலிருந்து ஷிப்ட் உடுப்போடு ஓடிவந்தான். "ஆபரேஷன் பண்ணிப் புள்ளைய எடுத்துருங்க டாக்டர்" என்று கும்பிட்டான்.

"இப்ப கத்தி வச்சா ரெண்டு பேரும் போயிடுவாங்க. மொதல்ல தாய நேராக்குவோம். புள்ளையும் நேராகும்" என்றார் டாக்டர்.

உப்புத் தண்ணீர் ஒரு கையில், இன்சுலின் மறு கையில். மணிக்கொரு தரம் விரலில் குத்தினார்கள். நான் ஒவ்வொரு எண்ணையும் கேட்டு வந்து வெளியே நின்ற இருவருக்கும் சொன்னேன். நானூற்றுப் பத்து. முந்நூற்று நாற்பது. இருநூற்று அறுபது. மறுநாள் காலையில் டாக்டர் கருவியை வயிற்றில் வைத்தபோது, பிள்ளையின் துடிப்பு தடுமாறாமல் கடகடவென்று ஓடியது. இளவரசன் தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் நர்ஸ் இன்சுலின் ஊசியோடு வந்தார்.

"புள்ள பொறந்ததும் இது நின்னுடும்லங்க?" என்று அம்மா டாக்டரைக் கேட்டாள்.

"நிக்காதும்மா. ஆயுசுக்கும் தெனம் நாலு ஊசி. ஒண்ணைக்கூட விடக்கூடாது."

அம்மா உடைந்துபோனாள். "இருபத்தி நாலு வயசுப் பொண்ணுங்க..." என்று அழுதாள். நர்ஸ், "இன்னைக்கு நான் போடுறேன், பாத்துக்குங்க" என்று பஞ்சை எடுத்தார்.

சுதா கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"அப்பறம் அழுதுக்கலாம் அத்தை. நாளைக்கு வூட்டுல எனக்கு யாரு போடுவா? எங்க குத்தணும், சொல்லுங்க."

நர்ஸ் தொடையில் இடம் காட்டினார். சுதா ஒரு நிமிடம் அந்த இடத்தையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு குத்தினாள். மருந்து முழுக்க இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு ஊசியை உருவி நர்ஸிடம் கொடுத்தாள்.

"அடுத்தது எத்தன மணிக்கு?" என்றாள்.