அவள் முகமே அளவு

தகரப் பட்டறையில் பகலெல்லாம் சுத்தியல் அடிக்கு நடுவே நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு, சாயங்காலம் கொஞ்சம் பாட்டுதான் ஆறுதல். அதையும் கெடுப்பானேன் என்று அவர் மனைவி வாயே திறந்ததில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, முடியை இழுத்து மறைத்துக்கொண்டு, தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது.

அன்று அவருடைய அக்கா வந்திருந்தாள். அவர் வந்து ஸ்பீக்கரைப் போட்டதுதான் தாமதம், அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"டேய், கூரை பிச்சுக்கிட்டுப் போகப்போகுது. குறைடா!"

"எதை?"

"உன் கொழுப்பை! பக்கத்துல நின்னு கத்துறேன், எதைங்கிறான்."

அவர் சிரித்தார். "பட்டறை விட்டு வந்தா என் காது கொஞ்ச நேரம் மந்தம்தான்க்கா. அது எனக்கே தெரியும். அதான் இவ மூஞ்சியப் பாத்துப் பாத்துத் திருப்புறேன். இவ சுளிச்சா உடனே குறைச்சிருவேன். ஒரு தரமாவது சுளிச்சிருக்காளா, நீயே கேளு."

பாட்டை மீறி அவர் கத்தியது பஞ்சையும் தாண்டி வந்தது. அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். அவர் ஸ்பீக்கர் குமிழைத் திருப்பிச் சத்தத்தை ஏற்ற ஏற்ற, இவள் பஞ்சை இன்னும் அழுத்தி அடைத்திருக்கிறாள். கடவுளே, நல்லது செய்வதாக அல்லவா நினைத்திருந்தேன்!

பஞ்சை உருவி மெஷின் மேல் வைத்தாள். பாட்டு காதில் அறைந்தது. முகம் தானாகச் சுருங்கியது.

அவர் பஞ்சையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "எத்தனை நாளா?"

"இந்த ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து."

"நல்லாருக்கு உங்க குடித்தனம்" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. குமிழில் கை வைத்தார். "சரி, இப்ப சொல்லு."

"குறைங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்ங்க."

அக்காவும் அவளும் குரல் உயர்த்தாமல் பேசிக்கொள்ளலாம் என்கிற இடத்தில், "போதும்" என்று கைகாட்டினாள்.

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாடுதா?"

அவள் தலையசைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "காலைல பட்டறைக்கு வேணாம். காது டாக்டரைப் பாத்துருவோம்" என்றாள், வாயசைவு தெரிய நிறுத்தி நிறுத்தி.

"சரி" என்றார். விரல் மறுபடி குமிழைத் தொட்டது; திருப்பவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தனக்கு எட்டாத அந்தப் பாட்டு முடிந்துவிட்டது என்று அவள் சொல்லும்வரை, அவளுக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.