இரண்டாவது பிரேக்

தங்கை மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு, மலையைப் புரட்டி அந்தப் பக்கம் வைத்தவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. "ரோட்டப் பாருடி. என் மூஞ்சியிலயா வண்டி வருது?" என்றேன். போன் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது, பை என் மடியில் இருந்தது. பாடம் நடக்கும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது என்பது என் காரில் சட்டம். கூடப் பிறந்தவள் என்பதற்காக அதில் சலுகை எல்லாம் கிடையாது. அடித்து ஓய்ந்தது. நான் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் என்னை பிரேக்கக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காது கொஞ்சம் நீளம். பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோலப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் இன்னொன்று இருக்கும். அது என் சொத்து. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மறந்தே போவார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடும், நான் சத்தமில்லாமல் காலை அழுத்துவேன், வண்டி நிற்கும். "பாத்தீங்களா, எப்டி நிறுத்தினேன்!" என்று அவர்கள் குதிப்பார்கள். நானும் பிரமாதம் என்பேன். தைரியம் வர வேண்டும் அல்லவா? போகப் போக அந்தத் தைரியம் நிஜமாகவே வந்துவிடும்.

ஆனால் சிவப்பு விளக்கில் மட்டும் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. எத்தனை கதை கேட்டிருக்கிறேன்! பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்பார்கள், மாமியாருக்கு நெஞ்சுவலி என்பார்கள். ஒரு பெரிய மனிதர், பெரிய உத்தியோகம், வயிற்றைக் கலக்குகிறது என்று கிட்டத்தட்ட அழுதார். அவருக்கும் பச்சை விழுகிற வரைக்கும் என் கால் எழவில்லை. தங்கை முதல் நாளே இதில்தான் என்னோடு மல்லுக்கு நின்றாள். அவள் புருஷனுக்கு வேலை வேறு ஊரில். மகளுக்கு ஆஸ்துமா. பள்ளிக்கூடம் போகிற பெண், நன்றாக ஓடியாடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று ஒரு நாள் மூச்சுக் குழல் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுதான் இவள் கார் கற்றுக்கொள்ளவே வந்தாள்.

"அவளுக்கு ஒண்ணுன்னா நான் செவப்பு கிவப்பெல்லாம் பாக்க மாட்டேன்க்கா. நேராப் போயிட்டே இருப்பேன்" என்றாள்.

"தாராளமாப் போ. எதிர்ல வர்றவனுக்கு உன் பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னு யாரு போய்ச் சொல்றது?"

அவள் வெடுக்கென்று கிளட்ச்சை விட்டாள். வண்டி தவளைபோல் ஒரு குதி குதித்து நின்றது. அன்றைய வாதத்தில் நானே ஜெயித்ததாக எழுதிக்கொள்ளலாம்.

போன் மறுபடியும் அடித்தது. நின்று, மூச்சு வாங்கக்கூட இடம் விடாமல் மறுபடியும். இது கடன் வேண்டுமா என்று கேட்கிற போன் இல்லை என்று எனக்கே பட்டது. என் சட்டத்தை நானே மீறிப் பையைத் திறந்து எடுத்தேன். மகளின் வகுப்பு ஆசிரியை. குரலை மெதுவாக வைத்துக்கொள்ள அந்த அம்மாள் படுகிற பாடு இங்கே வரைக்கும் கேட்டது. பெண்ணுக்கு மூச்சு இழுக்கிறது, ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அவளுடைய பஃப் பள்ளிப் பையில் இல்லை, எங்கே வைத்திருப்பாள் என்று தெரியுமா?

எனக்குத் தெரிந்தது. போனை எடுத்தபோதே என் விரலில் இடித்தது. மூச்சுக்கு மருந்தை வாய்க்குள் அடிக்கிற அந்தச் சின்ன நீலக் கருவி, பழையது ஒன்று, பெட்டி பிரிக்காத புதியது ஒன்று. பழையதில் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க முந்தின நாள் பள்ளிப் பையிலிருந்து எடுத்த தங்கை, புதியதையும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் தன் கைப்பையிலேயே போட்டுவிட்டு மறந்திருக்கிறாள். மகள் மூச்சுக்குத் தவிக்கிற இடத்தில் ஒன்றுகூட இல்லை, என் மடியில் இரண்டு இருக்கின்றன.

"பஃப் இங்கதான் இருக்கு, கொண்டாறோம்" என்று ஆசிரியையிடம் சொல்லிப் போனை வைத்தேன். "ஓரமா நிறுத்து" என்றேன் தங்கையிடம். "எறங்கி இந்தப் பக்கம் வா. நான் ஓட்டுறேன்."

அவள் என் மடியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நிறுத்தியதுபோல அழகாக ஒருவரும் என்னிடம் ஓரம்கட்டி நிறுத்தியதில்லை.

இடம் மாறிக்கொண்டோம். பழைய பஃப்பைக் குலுக்கிப் பார்த்து, மருந்து இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் கையில் திணித்தேன். நான் வண்டியை எடுத்த வேகத்தைப் பார்த்திருந்தால் என் மாணவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். லாரியை இடப்பக்கமாகத் தாண்டினேன். ஒருவழிச் சந்தில் எதிர்த் திசையில் நுழைந்து, எதிரே வந்த தள்ளுவண்டிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, அவர் திட்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சொல்ல வெட்கமாக இல்லை. இத்தனை வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள், ஓட்டுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் காட்டினேன். தங்கை பஃப்பை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த அன்று குழந்தையைக் கூட அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. "நேத்து ராத்திரியே எடுத்து வச்சிருக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வாய மூடு, போயிடலாம்" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு நாற்சந்தி உண்டு. இந்தப் பக்கத்து ஜனமே சபிக்கிற சிக்னல் அது. சிவப்பு விழுந்தால் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். தாண்டினால் அடுத்த வளைவில் பள்ளியின் மதில் தெரியும். தூரத்திலேயே பார்த்துவிட்டேன், மஞ்சள். நான் நெருங்குவதற்குள் சிவப்பு. முன்னால் வண்டி எதுவும் இல்லை. குறுக்குச் சாலையும் காலியாகத்தான் இருந்தது, அல்லது காலியாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பெரிய மனிதர், மாமியார், பரீட்சை எல்லோரும் மனதுக்குள் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்னது சொன்னதுதான். ஆனால் அதெல்லாம் கதை, இது என் தங்கை மகள். ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வண்டி நின்றது.

நின்றது என்றால், சுவரில் மோதியதுபோல. என் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. எஞ்சின் ஒரு முறை உதறி அணைந்தது. முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தது. பேருந்து நிழற்குடை மறைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. ஓட்டியவள் ஒரு பெண். முன்னால் ஒரு குழந்தையை நிற்க வைத்திருந்தாள். அது இரண்டு கையாலும் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பச்சை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். தங்கையின் கால் என் பிரேக்கின் மேல் இருந்தது. முழங்கால் விறைத்து, முழு பாரமும் அதன்மேல். எந்தக் காரிலும் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பயத்தில் வெறும் தரையை மிதிப்பார்கள். இந்தக் காரில் மிதித்தால் நிற்கும்.

"பாத்தியா அந்தப் புள்ளைய?" என்றேன்.

"எந்தப் புள்ள?"

பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. பார்த்துத்தான் மிதித்தாளா என்று இன்றைக்குவரை அவளுக்குத் தெரியாது. குனிந்து தன் காலை வெறித்துப் பார்த்தாள். பிறகு அதன்மேல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "சனியனே, நான் மிதிக்கலக்கா, இது மிதிச்சிருச்சு. எம் பொண்ணு அங்க கெடக்கறா, இது மிதிக்குது!" மறுபடி அடித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு, கதவைத் திறந்து, ஓடினாள்.

நான் சாவியைத் திருகிக்கொண்டே பார்த்தேன். ஒரு செருப்பு வண்டிக்குள் கிடந்தது, இன்னொன்று நடுச்சாலையில் கழன்றது. குறுக்கே வந்த வண்டிகளுக்கு ஒரு கையை நீட்டி நீட்டி, பஃப் இருந்த கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து ஓடினாள். ஒரு வேன்காரர் கிறீச்சென்று நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். திட்ட வந்தவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவள் வளைவில் மறைந்தாள். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. அந்த விளக்கைப்போல நான் எதையும் வெறுத்ததில்லை. வெறுத்துக்கொண்டே வண்டியைக் கோட்டுக்குப் பின்னால் எடுத்து நிறுத்தினேன்.

பச்சை விழுந்து நான் போய்ச் சேர்ந்தபோது, வராந்தாப் படியில் மகள் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். தங்கை கீழே மண்டியிட்டு பஃப்பை அவள் வாயில் வைத்து, "மெதுவா இழுடா, நிறுத்து, இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடிவந்த இரைப்பில் அவளுக்கே மூச்சு வாங்கியது. மகளின் தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன. உதட்டில் நிறம் இல்லை. இன்னொரு முறை கொடுத்தாள். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நானும் விடவில்லை. காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் தணிந்தது. தோள்கள் இறங்கின. மகள் நிமிர்ந்து, முதல் வேலையாக வாசலைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்துப் பெண், மூச்சு திரும்பியதும் வாயும் திரும்பிவிடும்.

"கார்லதானம்மா வந்த? ஏன் ஓடி வந்த?"

"சிக்னல் விழுந்திருச்சு" என்றாள் தங்கை.

"தாண்டி வர வேண்டியதுதான?" இடையில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எனக்காகக்கூடவா தாண்டக் கூடாது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் மூட்டை நிறையப் பதில் உண்டு, வயிறு கலங்கினவருக்கே சொன்னவள் நான். ஆனால் நான் தாண்டத்தான் பார்த்தேன் என்று சொன்னால், உன் அம்மாதான் நிறுத்தினாள் என்று ஆகிவிடும். ஸ்கூட்டரில் நின்ற குழந்தையைச் சொல்லலாம். மூச்சுக்கு அலைந்து எழுந்தவளிடம், பெயர் தெரியாத ஒரு குழந்தையை எப்படிச் சொல்வது? நாளைக்கே அந்தச் சிவப்பும் அந்தத் தவிப்பும் திரும்ப வந்தால் நான் ஆக்சிலேட்டரை மிதிக்கத்தான் செய்வேன். அதையும் அவளிடம் சொல்ல முடியாது.

"தாண்டக் கூடாதுன்னு இல்லடி..." என்று தொடங்கினாள் தங்கை. நாற்சந்தியின் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியது.

மகள் அதைக் கவனிக்கவில்லை. அவள் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்து, தாரும் மண்ணும் ரத்தமும் ஒன்றாக அப்பியிருந்தது. பிரேக்கை மிதித்த கால்தான். "அய்ய, எரியுதாம்மா?" என்றாள். தங்கை காலைப் பின்னுக்கு இழுத்தாள். மகள் விடவில்லை. குனிந்து கணுக்காலைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இன்னும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே, அதன்மேல் மெதுவாக ஊற்றத் தொடங்கினாள்.