ஓரிக்கின் அடிவயிறு

இது பிப்ரவரியில் நடந்ததா மார்ச்சிலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் பனி கரித்தூள் படிந்து கறுத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நிலக்கரிச் சுரங்க ஊரான கராகந்தாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனிக்கு அதுதான் நிறம். பேசிய பேச்சிலும் சில முன்பின்னாகியிருக்கலாம். பாம்பின் வயிறு பச்சையாக இருந்தது மட்டும் நிச்சயம்.

ஜுமாதில் அந்த வளர்ப்புப் பாம்பைத் தலையணை உறைக்குள் முடிந்து, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து, இரண்டு பஸ் மாறிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார். மருமகள் அயிம்குல்லின் கோட்டு மெல்லியது. குளிர் பட்டால் பாம்பு தாங்காது என்று அவரிடம் கொடுத்துவிட்டாள். மூன்று வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் அதைத் தொட்டதில்லை. ஈரமாக, வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தார். அது உலர்ந்த கயிறுபோல இருந்தது. பஸ்ஸில் அவருடைய விலா எலும்புகளின் மேல் மெதுவாக இடம் மாறிப் படுத்துக்கொண்டது.

கால்நடை மருத்துவர் லிதியா பாம்பைத் திருப்பிப் பார்த்தாள். செம்மஞ்சள் நிறம் அதற்கு. அந்த நிறத்துக்காகத்தான் ஓரிக், அதாவது ஆப்ரிகாட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"யாரு இந்தப் பச்சை மருந்தைப் பூசினது?"

"நான்தான் டாக்டர். புண்ணுன்னா எங்க வீட்ல அதைத்தான் பூசுவோம்," என்றாள் அயிம்குல்.

"பிள்ளைங்க முட்டியில பூசும்மா. இங்க பூசினா புண்ணு எது, பச்சை எதுன்னு நான் எங்க போய்த் தேடறது?" ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே ஜுமாதிலைப் பார்த்தாள். "பயப்படாம பிடிங்க பெரியவரே. இருபத்தாறு வருஷத்துல நாய் கடிச்சிருக்கு, பூனை கடிச்சிருக்கு, ஒரு தடவை ஆட்டுக்காரனே கடிச்சிருக்கான். பாம்பு மட்டும்தான் இன்னும் கடிக்கலை."

பச்சை போன இடத்தில் செதில்களின் ஓரம் பழுப்பேறியிருந்தது. நடுவில் ஏழெட்டுச் செதில்கள் தூக்கிக்கொண்டு, அடியில் நீர் கோத்த கொப்புளங்கள் தெரிந்தன. லேசாக ஒரு புளித்த வாடை. ஜுமாதிலுக்குத் தெரிந்த வாடைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செதில் அழுகல்," என்றாள் லிதியா. "ஈரமான, அழுக்கான படுக்கையில கிடந்தா வரும். அடியில என்ன போட்டிருக்கே?"

"மரத்தூள். காஞ்சுதான் இருக்கும் டாக்டர். தினமும் தொட்டுப் பாக்கறேன்."

"காஞ்ச இடத்துல இது வராதும்மா."

அயிம்குல் தலையணை உறையை எடுத்து மடித்தாள். "அப்போ நான்தான் சரியாப் பாத்துக்கல," என்றாள்.

இந்த வாக்கியத்தை ஜுமாதில் பல தடவை கேட்டிருக்கிறார். அவர் மனைவி இறந்தபோது மாமியாரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அழுதாள். கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன கணவன் சன்ஜாரிடமிருந்து வாரம் ஒன்றாக வந்த அழைப்பு மாதம் ஒன்றாகக் குறைந்தபோதும் இதையேதான் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டு பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை முப்பது வருடங்கள் இயக்கியவர். மணிச் சத்தம் வந்தால் கூண்டை நகர்த்துவார். வராவிட்டால் உட்கார்ந்திருப்பார்.

அக்டோபரில் சன்ஜார் அவருக்கு மட்டும் தனியாக அழைத்தான். "நான் இங்கேயே இருந்துடறேன் அப்பா. இங்க ஒருத்தி இருக்கா. அயிம்குல்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." அவர் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். சொன்னால் அயிம்குல் பெட்டியைக் கட்டுவாள். பிறகு இந்த இரண்டு அறைகளில் அவரும் டிவியும்தான். அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகப் பாம்பின் மேல் பழியைப் போட்டார். சன்ஜார் அதை வாங்கிவந்த வருடம்தானே எல்லாம் ஆரம்பித்தது? அது வீட்டைவிட்டுப் போனால் அவனும் மனம் மாறி வந்துவிடக்கூடும்.

வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்கக் கூடாது, தலையில் வெள்ளை ஊற்றி அனுப்ப வேண்டும் என்பது அவர் வம்சத்து வழக்கம். பாலோ தயிரோ, வெள்ளையாக இருந்தால் போதும். இறந்தவர்களுக்காக ஏழு ரொட்டி பொரிக்கும் வெள்ளிக்கிழமைகளில், அயிம்குல் பாலர் பள்ளிச் சமையலுக்குப் போன பிறகு, கண்ணாடிப் பெட்டியின் மூடியைச் சற்றே நகர்த்தி ஒரு கரண்டி அய்ரான் ஊற்றுவார். நீர்விட்டுக் கடைந்த தயிர் பாம்பின் முதுகில் வழிந்து தூளுக்குள் இறங்கும். மேலே காய்ந்த தூளைத் தள்ளி மூடிவிடுவார். ஒவ்வொரு தடவையும் "போயிட்டு வா, நல்லபடியா போ" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அக்டோபர் முதல் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

லிதியா சொன்ன வைத்தியம் எளிது. மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுக் காகிதம் விரிக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் சூடு குறையக் கூடாது. அயோடின் மருந்தை வெதுவெதுப்பான நீரில் வெளிர் டீ நிறத்துக்குக் கலந்து, தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம் வயிறு நனையப் பிடித்து, ஒற்றித் துடைத்துக் களிம்பு போட வேண்டும். "பத்து நாள்ல அடங்கலைன்னா ஊசி. தோல் உரிச்சதும் புதுசா வரும். அதுவரைக்கும் படுக்கையில ஈரம் ஆகாது."

வீட்டில் தலையை அயிம்குல் பிடித்துக்கொள்வாள், வாலை அவர். நடுவில் நீல பேசின். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மாலையில், அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உசிரோட ஒரு பொருளை ஒப்படைச்சுட்டுப் போனாரு. அதைக்கூடப் பாத்துக்கத் துப்பில்ல எனக்கு. அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஏன் கூப்பிடலைன்னு கேக்கறது?"

கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடங்கள் இருந்தன. பாம்பை விட்டுவிட்டு எழுந்து போக வழியில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றார் ஜுமாதில். "நான்தான் ஊத்தினேன்."

"என்னத்த?"

"அய்ரான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. போகட்டும்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். சிரிப்புப் போல ஒன்று வந்து பாதியில் நின்றது.

"மூடியைப் பூட்டி வச்சுக்கிட்டு வெள்ளையை ஊத்தினா அது எப்படி அத்தா போகும்? கதவைத் திறந்து வச்சுல்ல ஊத்தணும்?"

வாலின் நுனி அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சன்ஜார் வரமாட்டான்," என்றார். "அங்க ஒருத்தி இருக்காளாம்."

தண்ணீர் அசைந்தது. வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் உறுமின. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"எப்ப சொன்னாரு?"

"அக்டோபர்ல."

அவள் யோசித்தாள். "நவம்பர்ல நான் கையுறை பின்னி அனுப்பினேன்."

"ஆமா."

"தபாலாபீசுக்கு நீங்கதானே கொண்டுபோனீங்க."

"ஆமா."

நேரம் முடிந்ததும் பாம்பைத் துண்டின் மேல் மல்லாத்தி, ஒவ்வொரு செதிலாக ஒற்றி எடுத்தாள். கடைசிச் செதில்வரை வந்த பிறகு, "வாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, அத்தா," என்றாள். பிடித்தார்.

ஊசி தேவைப்படவில்லை. ஏப்ரலில் ஓரிக் தலைமுதல் வால்வரை ஒரே துண்டாகத் தோலை உரித்தது. நான்கு செதில்கள் மட்டும் கோணலாக முளைத்தன. ஜூனில் அயிம்குல் பாவ்லோதாருக்கு, அக்கா வீட்டுக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் முதலில் பாம்பைப் பற்றித்தான் கேட்பாள். அதை விட்டுவிட்டுப் போகும்படி ஜுமாதில்தான் கேட்டுக்கொண்டார். சன்ஜார் கொரியாவிலேயே இருக்கிறான். ஒரு பெண் குழந்தை. லிதியாவை இன்னும் பாம்பு கடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜுமாதில் அய்ரானைத் தானே குடித்துவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். ஓரிக்கை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மல்லாத்தி, வயிற்றைக் கீழிருந்து மேலாகப் பார்க்கிறார். அந்த நேரம் நான்காம் மாடியின் வாசல் கதவு அகலத் திறந்தே கிடக்கிறது. படியேறிப் போகிறவர்கள் திட்டுகிறார்கள். பாம்பு அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் வெளிப்பக்கமாக நீட்டி வைத்திருக்கிறது.