ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒரு கிணறு

ராயபுரம் சணல் கிடங்குச் சந்தில் கோதண்டத்தின் வீட்டுக்குள் தொண்ணூறு வருஷமாக எந்த நெருப்பும் பற்றியதில்லை. வாசற்படிக்கு வெளியே உரசிய தீக்குச்சி எரியும், படியைத் தாண்டினால் அணைந்துவிடும். மூன்று தலைமுறையாகச் சமையல் தெருவில்தான் நடந்தது. மழை நாளில் ஒருவர் குடை பிடிக்க இன்னொருவர் சோறு வடித்தார். நடுவில் கோதண்டம் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தார். மீட்டர் ஓடியது, சின்ன சிவப்பு விளக்கும் எரிந்தது, மேல்தட்டு மட்டும் சில்லென்று கிடந்தது. அவர் மனைவி பூவம்மா அதன்மேல் தயிர்ச் சட்டியை வைத்துப் புளிக்காமல் பார்த்துக்கொண்டாள். சந்தில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. குழாயில் தண்ணீர் வராத வீடு, பட்டா இல்லாத வீடு இருப்பதுபோல இது நெருப்பு பற்றாத வீடு.

நெருப்பு மட்டுமல்ல, அங்கே எதுவுமே பற்றாது. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு முதல் வாரத்தில் கோபம் நின்றுபோகும், அடுத்த வாரம் அழுகை. காசிமேட்டு மீன் ஏலத்தில் நாலு ஆம்பளைகளை வாயடைக்க வைத்த பூவம்மா, கல்யாணமாகிப் பதினைந்தாம் நாள் முதல் யார் எது சொன்னாலும் தலையாட்டினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கோதண்டம் ஓய்வு பெற்ற அன்று கழுத்து மாலையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார். மகள் அம்மு இரண்டு வருஷம் ஒரே ரயிலில் கூட வந்த பாஸ்கரைக் கட்டிக்கொள்வதாக இருந்தாள். நிச்சயத்தன்று குத்துவிளக்கு பதினோரு குச்சிக்கும் பற்றவில்லை. பாஸ்கரின் வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாஸ்கர் சந்து முனையில் நின்று திரும்பிப் பார்த்தான். அம்மு 'சரி' என்றாள், உள்ளே போய்க் காப்பி டம்ளர்களைக் கழுவினாள். மூன்று வருஷம் கழித்து இன்னொரு இடம் வந்து, அதே விளக்கைப் பார்த்துவிட்டு அதுவும் போயிற்று. ஏதோ ஒன்று வலிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

மூன்றாவதாக வந்தவன் டில்லிபாபு, திருவொற்றியூர்க்காரன், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். அவனுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பெண் தன் வீட்டில் தன் கையால் விளக்கேற்ற வேண்டும். தை பிறந்தால் நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். அம்முவுக்கு அப்போது முப்பத்தோரு வயது. இந்த விளக்கும் பற்றாவிட்டால் அதற்கும் 'சரி' என்று சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அவள் பாரிமுனைப் பக்கம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அந்த மார்கழியில் தீக்காப்பீட்டு வரைபடங்கள் வந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் கம்பெனியின் சர்வேயர் தெருத்தெருவாக நடந்து, எந்தக் கட்டடம் எத்தனை சீக்கிரம் எரியும் என்று வரைந்து வைத்தவை. செங்கல்லுக்கு ரோஜா நிறம், மரத்துக்கும் ஓலைக்கும் மஞ்சள், தீயணைக்க உதவும் கிணற்றுக்கு நீல வட்டம். ஓர் இடம் எரிந்தோ இடிந்தோ போனால் புதுத் தாள் வரைய மாட்டார்கள். மாறிய துண்டை மட்டும் வரைந்து பசை தடவி மேலே ஒட்டிவிடுவார்கள். ராயபுரம் ஏழாம் தாளைத் தூக்கியபோது அம்முவின் விரல் சுட்டது. சணல் கிடங்குச் சந்து இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு 1932இல் ஒட்டிய ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அதில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. மேலதிகாரியிடம் தாள் சூடாக இருக்கிறது என்று சொன்னாள். அவர் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒட்டுத்தாளுக்கு அடியில் ஏழு மஞ்சள் கட்டங்களும், அவற்றுக்கு நடுவே ஒரு நீல வட்டமும் தெரிந்தன. மேலே ஒட்டிய துண்டில் அதே வட்டத்தைச் சுற்றிக் கிடங்கின் மதில் வந்திருந்தது, பக்கத்தில் 'பூட்டு, கம்பெனி உபயோகம்' என்று இருந்தது. கூடவே இருந்த அறிக்கையில் எரிந்த சணல் நானூறு கட்டு, எரிந்த குடிசை ஏழு என்று கணக்கு. செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அவர்கள் காப்பீடு செய்யப்படவில்லை.

செத்தவர்களில் ஒருத்தி யார் என்று அம்முவுக்குத் தெரியும். அவளுடைய கொள்ளுத்தாத்தா சுயம்புவின் முதல் மனைவி அந்தத் தீயில்தான் போனாள். பூவும் பொட்டுமாகச் செத்த பெண்ணை அந்த வீட்டார் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் அவள் புழங்கிய கிணற்றுக்குப் போய், தண்ணீர் மொண்டு, அந்தக் கலசத்தில் அவளை அழைத்து வந்து, புடவை வைத்துப் படைத்தால்தான் காரியம் நடக்கும். சுயம்பு மறுவருஷம் இரண்டாம் கல்யாணம் செய்தபோதும் அழைத்தார். ஆனால் குடும்பம் இன்றுவரை அழைக்கப் போவது பக்கத்துத் தெருக் கிணற்றுக்கு, இப்போது அது கை பம்பு. அம்மு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். இருநூற்றுப் பத்தடி தள்ளி வேறொரு நீல வட்டமாக அது இருந்தது. சொந்தக் கிணற்றைச் சணல் கம்பெனி பூட்டிவிட்டது, முகூர்த்தம் நெருங்கிவிட்டது, எந்தக் கிணறானாலும் தண்ணீர் ஒன்றுதானே என்று மனிதர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்.

அம்மு வீட்டில் வந்து இதைச் சொன்னதும், பம்புக்கு எதிர்வீட்டில் இடியாப்பம் விற்கும் அஜீசாவிடம் கோதண்டம் போய்க் கேட்டார். அந்தக் கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்ததாகத் தன் அம்மா சொல்லியிருப்பதாகவும், எந்த ஊர், என்ன பேர் என்று தெரியாததால் அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை என்றும் அவள் சொன்னாள். கோதண்டம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். படையலுக்கு வைத்த புடவை ஒவ்வொரு முறையும் காலையில் நனைந்து பாசி வாசம் அடித்ததையும், அதை அம்மனின் அருள் என்று எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் நினைத்துப் பார்த்தார். தண்ணீரில் செத்தவளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, நெருப்பு ஏன் பற்றவில்லை என்று மூன்று தலைமுறை யோசித்திருக்கிறது.

கிணற்றில் செத்தவளைத் திரும்பப் பம்பிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். பூவம்மா முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாகத் தலையாட்டவில்லை. "யாரோ ஒருத்திய நம்ம வூட்டுப் பொண்ணுன்னு கூப்ட்டுகினு இருந்துகீறோம். அவளும் மூஞ்சி சுளிக்காம வந்துகினுதான் கீறா. இப்போ போன்னா எங்க போவா?" என்றாள். ஆகவே அவளுக்கு ஒன்று, தீயில் போனவளுக்கு ஒன்று என்று புடவை இரண்டாக வாங்கினார்கள்.

அம்முவின் அளவுப்படி பழைய கிணறு இப்போது ஒரு கண்டெய்னர் யார்டுக்குள் இருந்தது. பட்டப்பகலில் பூ, மஞ்சள், குடத்தோடு போனார்கள். காவலாளி பிராங்கிளின் கேட்டைத் திறக்காமல் விசாரித்தார். கிணறு எதையும் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு யோசித்து, "அந்த மூலை மட்டும் எம்மாம் மழ பெஞ்சாலும் நனையாது. சிமெண்டு சூடா கீது. பூனைங்கோ அங்கதான் குட்டி போடும்" என்றார். அதுதான் என்றாள் அம்மு, அவர் கேட்டைத் திறந்தார். பூனையை நகர்த்திவிட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பிய குடத்தைச் சிமெண்டின் மேல் வைத்தார்கள். தீயில் போனவளின் பேரும் யாருக்கும் தெரியாததால் பூவம்மா அவளை உறவு சொல்லி அழைத்தாள், இத்தனை நாள் வராததற்கு மன்னிப்பும் கேட்டாள். சூடம் காட்டி முடிப்பதற்குள் குடத்துத் தண்ணீர் கொதித்தது. துண்டைச் சுற்றிக் கைமாற்றிக் கைமாற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

தை மூன்றாம் தேதி நிச்சயம். அம்மு ஒரே குச்சியைக் கிழித்தாள். திரி பற்றியது, சுடர் நின்றது. சுடரின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, ஆனாலும் அணையவில்லை. டில்லிபாபுவின் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, எரிகிறதல்லவா, போதும் என்று தட்டை மாற்றினாள். அம்மு குச்சியைக் கீழே போட மறந்திருந்தாள். அது விரலைச் சுட்டது. சுட்டதும் அவளுக்குப் பாஸ்கர் சந்து முனையில் திரும்பிப் பார்த்தது வலித்தது. எட்டு வருஷம் தாமதமாக, சபை நடுவில், நிச்சயமான மாப்பிள்ளைக்கு எதிரில் அவள் இன்னொருவனுக்காக அழுதாள். சத்தமாக அழுதாள். டில்லிபாபு அருகே வந்து யாருக்காக என்று கேட்டான். அவள் மறைக்காமல் பேரைச் சொன்னாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து திரியைத் தூண்டிவிட்டான். "அழுது முடி. நான் எங்கயும் போவல" என்றான்.

மாசியில் கல்யாணம் முடிந்து அம்மு திருவொற்றியூருக்குப் போனாள். கோதண்டம் காஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பூவம்மா தெருவில் இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டாள். விளக்குக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் நிரம்பிவிடும், அந்தத் தண்ணீரை வாசலில் தெளித்துத்தான் பூவம்மா கோலம் போடுகிறாள்.